ஏழாம் எண்

முதலில் காலைத்தான் அடையாளம் கண்டேன்.
முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே,
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வைத்த சூட்டுப் புள்ளிகள்,
வரிசைக்கு ஐந்தாக.
நரம்பு வீங்கிய குதிரையை
மறுபடி ஓட வைக்கச் செய்வது.
பிறகுதான் நெற்றியைப் பார்த்தேன்.
கோணலாக ஒரு வெள்ளைப் பிறை.

கிண்டியில் அதன் பெயர் மான்சூன் டியூட்டி.
மெரினாவில், தஸ்தகீர் வைத்த பெயர், ராஜு.
ஒரு ரவுண்டு நூறு ரூபாய்.
போட்டோ மட்டும் என்றால் ஐம்பது.

வெண்பாவை அதற்குள் ஏற்றிவிட்டிருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை,
மூன்றாம் பந்தயம், ஏழாம் எண்,
ஒன்றுக்கு ஒன்பது.
அந்தக் காசில் வாங்கிய ஃப்ரிட்ஜ்
எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது,
இரவில் லேசாக முனகியபடி.

அதற்கப்புறம் வந்த பந்தயங்கள் வேறு மாதிரி.
கடைசி இருநூறு மீட்டரில் அது பின்தங்கியபோது
கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு
'அடி, அடிடா' என்று கத்தியவர்களில் நான் ஒருவன்.
ஜாக்கி அடித்தான்.
நான் சொல்லித்தான் அடித்தான் என்றில்லை.
சொல்லாவிட்டால் அடித்திருக்க மாட்டான் என்றும் இல்லை.
டிக்கெட்டைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்து
அதன் தாயையும் சேர்த்துத் திட்டினேன்.
அதற்கு ஒரு தாய் இருந்திருக்கும் என்பது
அப்போது தோன்றவில்லை.
பஸ்ஸுக்குக் காசில்லாமல் சைதாப்பேட்டை வரை நடந்தேன்.
என் கால் வலியைப் பற்றி மட்டும்
வழியெல்லாம் நினைத்துக்கொண்டு.

இப்போது அது அலை ஓரமாகவே போகிறது.
காய்ந்த மணலில் கால் புதைந்தால் நொண்டும் என்கிறான் தஸ்தகீர்.
கெட்டவனில்லை.
கொள்ளு விற்கிற விலையைச் சொல்கிறான்.
காய்ச்சல் வந்தபோது வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு
நடத்தியே கூட்டிப்போனானாம், விடியற்காலை மூன்று மணிக்கு.
'நான் வாங்கலேன்னா இது எங்க போயிருக்கும் தெரியுமா சார்?'
தெரியும் என்றேன்.
தெரியாது.
தெரிந்துகொள்ளாமல் இருக்க
எத்தனையோ வசதிகள் செய்து வைத்திருக்கிறது இந்த ஊர்.

கலங்கரை விளக்கத்துப் பக்கம் போய்த் திரும்பி
ஜெயித்தவள் மாதிரி கையாட்டிக்கொண்டு வந்தாள் மகள்.
இறக்கிவிட்டேன்.
சேணத்தின் விளிம்பில், முடி கொட்டிய ஓர் இடம்
உள்ளங்கை அகலத்துக்கு.
அதில் ஓர் ஈ.
விரட்டக் கை நீட்டினேன்.
குதிரை கழுத்தைத் திருப்பி
என் உள்ளங்கையை நக்கியது.
வெதுவெதுப்பான, கனத்த நாக்கு,
விரலிடுக்கு வரைக்கும்.

'வேர்வை சார். உப்புக்குத்தான் நக்குது.'

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
நான்காம் வகுப்பில் இரட்டைக்கோடு நோட்டில்
பத்துத் தடவை எழுதியிருக்கிறேன்.
உப்பிட்டது நான்கு காலில் நின்றால் என்ன செய்ய என்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
டீச்சரும் சொல்லவில்லை.

'இன்னொரு ரவுண்டுப்பா.'

நூறு ரூபாயை நீட்டினேன்.
ஒரு ரவுண்டு நேரம் சும்மா நிக்கட்டும், யாரையும் ஏத்தாதே என்றேன்.
தஸ்தகீர் என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச்
சட்டைப் பைக்குள் வைத்தான்.
வெண்பா மணலில் உட்கார்ந்து அழுதாள்.
குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி
மூன்று காலில் நின்றது,
கடலைப் பார்த்து அல்ல,
நிறுத்தி வைத்திருந்த பைக்குகளைப் பார்த்து.
ஆறு நிமிடம் இருக்கும்.
அதற்குள் திருத்தணியிலிருந்து வந்த ஒரு குடும்பம்
வரிசையில் வந்து நின்றுவிட்டது.
இரண்டு பையன்களை ஒன்றாக ஏற்றினான்.

அன்றிரவு ஃப்ரிட்ஜ் முனகியது.
எழுந்து போய்த் திறந்தேன்.
பால், ஆறு முட்டை,
மூடி போட்ட கிண்ணத்தில் நேற்றைய கறிக்குழம்பு.
குளிர் முகத்தில் அடிக்க
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு, கரண்டு வீணாகிறதே என்று
மூடினேன்.